அப்பாவின் காசுப் பெட்டியைத் திறக்கும் முன்

சித்தப்பா காலமாகி மூன்று மாதம் கழித்து அவர் மகள் போன் செய்தாள். "அக்கா, அப்பா பீரோவுக்கு அடியில ஒரு டிரங்குப் பெட்டி இருந்துச்சு. உள்ள அரசாங்க நாணயச்சாலை செட்டுங்க, ஒரு நீல ஆல்பம், மஞ்சத் துணியில முடிஞ்ச வெள்ளி ரூபா. கிரேடிங் பண்ணி வித்தா நல்ல விலை வரும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் புளி போட்டுத் தேய்ச்சு வச்சிடவா?"

"புளியைக் கீழே வை" என்றுதான் முதலில் சொன்னேன். அன்று இரவு அவளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். அப்பா, மாமனார், தாத்தா சேர்த்த காசுகள் கைக்கு வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் எல்லாத் தங்கச்சிகளுக்கும் இது உதவட்டும்.

தேய்க்காதே என்று ஏன் அப்படிப் பதறினேன் என்றால், அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். என் அப்பா 1970களில் பம்பாய் நாணயச்சாலைக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து புரூஃப் செட்டுகள் வாங்கியவர். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். 1972ஆம் ஆண்டின் பத்து ரூபாய் வெள்ளிக் காசு, சுதந்திர வெள்ளிவிழாவுக்காக வந்தது, கறுத்துப் போயிருந்தது. குத்துவிளக்கு தேய்க்கிற கைதானே, பற்பொடியை எடுத்துத் துணியால் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு பெரியவர் அதை விளக்கடியில் சாய்த்துக் காட்டினார்: கண்ணாடி போல் இருக்க வேண்டிய பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல்கள். அந்தக் கீறலை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. வெள்ளியின் மேல் வருகிற கருமையோ நீலமோ பொன்னிறமோ அழுக்கு அல்ல. காற்றிலும் பொதியிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படலம் அது. சேகரிப்பவர்கள் அதை டோனிங் என்கிறார்கள். அழகாகப் படிந்திருந்தால் அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஆகவே புளி, எலுமிச்சை, விபூதி, பற்பொடி, சோடா உப்பு, கடையில் விற்கும் வெள்ளி மெருகுத் திரவம், எதுவும் வேண்டாம்.

கிரேடிங் என்றால் என்ன

காசுக்கும் உனக்கும் சம்பந்தமில்லாத ஒரு நிறுவனம் மூன்று வேலை செய்கிறது. காசு அசலா என்று பார்க்கிறது. எந்த நிலையில் இருக்கிறது என்று எண் கொடுக்கிறது. பிறகு, உடைக்காமல் திறக்க முடியாத கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் வைத்து ஒட்டி, சான்று எண்ணோடு திருப்பித் தருகிறது. அந்தக் கூட்டைத்தான் ஸ்லாப் என்கிறோம். உலகம் முழுக்கப் பரவலாக ஏற்கப்படுபவை அமெரிக்காவின் இரண்டு நிறுவனங்கள்: 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி.

எண் ஒன்றிலிருந்து எழுபது வரை போகும். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் அந்நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக உண்டாக்கிய அளவு அது. இன்று எல்லா நாட்டுக் காசுக்கும் அதுவே. அறுபதும் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. ஐம்பதுகள் என்றால் சற்றே கைபட்டது. இருபது, முப்பது என்றால் தேய்ந்தாலும் எழுத்தும் உருவமும் தெளிவாக இருப்பது. எம்எஸ் என்று முன்னால் போட்டால் சாதாரணமாக அச்சடித்த காசு. பிஎஃப் அல்லது பிஆர் என்று போட்டால் மெருகேற்றிய அச்சில் சேகரிப்பாளர்களுக்காகவே அடித்த புரூஃப் காசு. செப்புக் காசுக்கு நிறத்தையும் சேர்த்து எழுதுவார்கள்: சிவப்பு, சிவப்பும் பழுப்பும், பழுப்பு.

ஒன்றை மறந்துவிடாதே. அந்த எண் காசின் நிலையைச் சொல்லும், விலையைச் சொல்லாது. லட்சக்கணக்கில் அடித்த காசு அறுபத்தைந்து வாங்கினாலும் அது லட்சத்தில் ஒன்றுதான். கிரேடிங் கட்டணம் அந்தக் காசின் விலையைவிட அதிகமாகிவிடுவது நம் ஊர்ப் பெட்டிகளில் சாதாரணம்.

முதல் வாரம்: எழுது, தொடாதே

பெட்டி கிடைத்த வாரம் எந்த முடிவும் எடுக்காதே. சாப்பாட்டு மேசையில் கனமான பருத்தித் துணியை இரண்டாக மடித்து விரி. காசு கைதவறினாலும் அடிபடாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடை. காசை விளிம்பில் இரண்டு விரலால் மட்டும் பிடி. முகப்பில் விரல் பட்டால் உன் ரேகை அதில் பதியும். சில மாதத்தில் அது அரித்த தடமாகவே நிற்கும். காசை வைத்துக்கொண்டு அதன் மேல் பேசவும் வேண்டாம், எச்சில் துளியும் புள்ளியாகிவிடும்.

ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுது: மதிப்பு, ஆண்டு, அரசரா அசோகச் சின்னமா, ஆண்டுக்குக் கீழே உள்ள குறி. இந்தியக் குடியரசுக் காசில் ஆண்டுக்கு அடியில் வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. இரண்டு பக்கமும் போட்டோ எடு. பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

ஒரு நல்ல சின்னத் தராசு வாங்கிக்கொள், கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுவது. 1835 முதல் வந்த பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அரை ரூபாய் அதில் சரிபாதி. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். பத்து கிராம் காட்டினால் சந்தேகப்படு. காந்தமும் வைத்துப் பார்க்கலாம், வெள்ளி ஒட்டாது. ஆனால் 1947ஆம் ஆண்டுப் புலி ரூபாயும் 1950இன் முதல் குடியரசு ரூபாயும் நிக்கலில் அடித்தவை, அவை காந்தத்தில் ஒட்டும். ஒட்டிவிட்டதே என்று போலி எனத் தூக்கிப் போட்டுவிடாதே.

அப்பா கையெழுத்தில் உறை, துண்டுச்சீட்டு, நாணயச்சாலைக் கடிதம், பணம் கட்டிய ரசீது என்று எது இருந்தாலும் அந்தக் காசின் எண்ணையே அதற்கும் போட்டு வை. காசு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. குப்பை என்று நினைத்து முதலில் தூக்கி எறியப்படுவதும் அதுதான்.

பழைய ஆல்பம் இருக்கிறதே, அதை மோந்து பார். புது ஷவர் திரை போல வாடை வந்தால், அதன் மென்மையான பிளாஸ்டிக் பிவிசி. வருடம் போகப் போக அதிலிருந்து கசியும் ரசாயனம் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று படியும். அந்தக் காசுகளை மெதுவாக வெளியே எடுத்து மைலார் உறையிலோ, காசு அளவுக்கேற்ற கெட்டிக் கேப்ஸ்யூலிலோ மாற்று. பச்சைப் பிசுக்கு இருந்தால் சுரண்டாதே. காசைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் தேய்க்காமல் அதைக் கரைத்து எடுப்பார்கள். ரப்பர் பேண்ட், செலோ டேப், ஸ்டேப்ளர் ஊசி, செய்தித்தாள் எல்லாவற்றையும் காசிடமிருந்து விலக்கு. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் பட்டை பட்டையாகக் கறுப்பு போடும்.

நூறு வயதுக் காசும் சூட்கேஸும்

இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள காசு தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் தந்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது. விற்பதற்கு அல்ல, கிரேடிங்குக்கு அனுப்பித் திரும்ப வாங்கப் போகிறேன் என்பது விலக்கு ஆகாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

விக்டோரியா ராணி ரூபாய் அத்தனையும், ஏழாம் எட்வர்டு ரூபாய் அத்தனையும், ஐந்தாம் ஜார்ஜின் தொடக்க கால ரூபாய்களும் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு ஜனவரியிலும் இன்னும் ஓர் ஆண்டின் காசுகள் தாண்டுகின்றன. 1938இல் தொடங்கும் ஆறாம் ஜார்ஜ் காசுகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் லீவில் வருவான். "அங்க கொண்டு போய்க் குடுத்தா ஒரு மாசத்துல வேலை முடிஞ்சிடும், குடு" என்பான். பாசத்தில் சொல்வதுதான். கொடுக்காதே. ஏர்போர்ட்டில் பிடித்தால் காசும் போகும், அவன் வேலையும் விசாவும் சிக்கலாகும். நூறு ஆண்டுக்கு உட்பட்டவற்றுக்கும் விதி உண்டு: அரசு வெளியிட்ட நினைவு நாணயங்களை ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு மேல் வெளிநாட்டுக்குக் கொண்டு போகவோ அனுப்பவோ கூடாது என்று அந்நியச் செலாவணி விதி சொல்கிறது. காசு நூறு வயதுக்கு உட்பட்டதா என்று சந்தேகம் வந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று கேட்கலாம்.

அப்படியானால் பழைய வெள்ளி ரூபாயை என்ன செய்வது? இங்கேயே மதிப்பிடச் சொல். இந்தியாவுக்குள்ளேயே கிரேடிங் செய்பவர்கள் இருக்கிறார்கள். பழைய காசு ஏலம் நடத்தும் நிறுவனங்களும் காசைப் பார்த்துக் கருத்துச் சொல்லும். யாரிடம் போனாலும் மூன்று கேள்வியை எழுத்தில் கேள்: மதிப்பீடு எந்த ஊரில் நடக்கிறது, காசு எல்லை தாண்டுமா, வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு? எழுத்தில் பதில் தராதவரிடம் காசைத் தராதே. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கும் ஒரு நாள் போய் வா. நல்ல நிலையில் உள்ள காசைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம் வீட்டுக் காசின் நிலை நமக்குப் புரியும்.

எதைக் கொடுப்பது

சித்தப்பா மகள் கேட்டாள், "அப்ப செட்டு செட்டா அப்படியே குடுத்துடலாமா?" கூடாது. கிரேடிங்குக்குப் போனால் செட்டைப் பிரித்து ஒவ்வொரு காசுக்கும் எண் போடுவார்கள். நாணயச்சாலை மூடி அனுப்பிய பெட்டியும் அட்டையும் காசும் சேர்ந்திருப்பதுதான் நம் நாட்டுச் சேகரிப்பாளர்கள் விரும்புவது. என் தீர்ப்பு இதுதான்: 1990களுக்குப் பிறகு வந்த செட்டுகளைப் பிரிக்காதே. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த ஆயிரம் ரூபாய்க் காசு உன் பெட்டியில் இருந்தாலும், அதன் பெட்டியோடு அப்படியே விடு.

1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய், 1970இன் பத்து ரூபாய், இரண்டிலும் எண்பது சதவீதம் வெள்ளி. 1972 முதல் ஐம்பதாகக் குறைந்தது. இவற்றின் சாதாரண வகை ஏராளம். வெள்ளி விலையோடு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். புரூஃப் வகை குறைவு. அதிலும் உருவம் பனி படர்ந்ததுபோல் வெளுத்தும் பின்புலம் கண்ணாடி போலவும் இருக்கும் காசுக்குக் கேமியோ என்று தனிக் குறிப்பு கிடைக்கும். அப்படிக் கீறலில்லாமல் ஒன்று இருந்தால் கொடுக்கலாம்.

அடுத்து, போலி அதிகம் உலவும் காசுகள். 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிது. அதனாலேயே ஆண்டு எண்ணைத் திருத்தியதும் வார்ப்பில் எடுத்ததும் நிறைய. 1911 ரூபாயில் அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று மக்கள் கொதித்ததால், அரசாங்கம் மேலும் வெளியிடாமல் நிறுத்தி, அடுத்த ஆண்டு உருவத்தைத் திருத்தியது. பன்றி ரூபாய் என்றே பெயர். இப்படிப்பட்ட காசுக்கு அசல் என்ற சான்றுதான் முதல் தேவை, எண் அப்புறம். ஆனால் 1911க்கு நூறு வயது ஆகிவிட்டது என்பதை நினைவில் வை.

எதைக் கொடுக்கக் கூடாது? தேய்த்தது, துளை போட்டது, வளைந்தது. நம் பாட்டிமார் காசுமாலையிலும் அட்டிகையிலும் கோத்த ரூபாயும் சவரனும் உண்டே, அவற்றில் காது வைத்துப் பற்றவைத்த தடம் விளிம்பில் இருக்கும். குங்குமமும் சந்தனமும் வருடக்கணக்கில் ஊறிய பூஜைக் காசுகளும் உண்டு. இவற்றுக்கு எண் வராது. டீடெயில்ஸ் என்ற சொல்லோடு, சுத்தம் செய்யப்பட்டது, பற்றவைத்தது என்று காரணமும் எழுதித் தருவார்கள். அசல் என்று மட்டும் உறுதியாகும். பாட்டி கழுத்தில் கிடந்த சவரன் உன் கழுத்தில் கிடக்கட்டும்.

கிரேடிங்குக்குப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு காசுக்கும் நீயே மதிப்பு எழுத வேண்டும். கட்டணமும் காப்பீடும் அதை வைத்துத்தான். பேராசையில் கூட்டாதே, கட்டணத்துக்குப் பயந்து குறைக்காதே. தொலைந்தால் எழுதிய தொகைதான் கிடைக்கும். பல கூரியர் நிறுவனங்கள் காசையும் பணத்தையும் ஏற்பதில்லை. ஏதோ ஒன்று என்று பொய்யாக எழுதி அனுப்பினால் காப்பீடு செல்லாது. முடிந்தால் நேரில் கொண்டு போய்க் கொடு, காசு எண்ணிக்கையோடு ரசீது வாங்கு.

திரும்பி வந்ததும் கூட்டில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார். அங்கே காட்டும் காசும் கையில் உள்ளதும் ஒன்றா என்று சரிபார். ஸ்லாப்பிலேயே போலி வந்துவிட்டது, அதனால் யாரிடம் ஸ்லாப் வாங்கினாலும் இதைச் செய். அதே எண்ணில் இதுவரை எத்தனை காசு பதிவாகியிருக்கிறது என்ற கணக்கும் அங்கேயே கிடைக்கும். விலை பேசும்போது அது உதவும்.

இன்னொன்று. வைஷ்ணோ தேவி காசு இருந்தால் பத்து லட்சம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பி யாருக்கும் முன்பணம் கட்டாதே. 2012 என்று ஆண்டு பொறித்துப் புழக்கத்துக்கே விட்ட காசு அது. பழைய காசு, நோட்டு விற்பதற்கு ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அப்படி யாருக்கும் அது அனுமதி தரவில்லை.

கூடப் பிறந்தவர்கள்

எங்கள் வீட்டில் மூன்று பேர். காசை எடுத்து வெளியே கொடுப்பதற்கு முன், நான் எழுதிய பட்டியலைத் தம்பிக்கும் தங்கைக்கும் அனுப்பினேன். எது போகிறது, என்ன செலவு, விற்றால் எப்படிப் பங்கு என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அப்போது தம்பி, "இதெல்லாம் எதுக்குக்கா, நமக்குள்ள" என்றான். ஒரு வருடம் கழித்து ஒரு காசு எதிர்பார்த்ததைவிட நல்ல எண் வாங்கி வந்தபோது, யார் மனசிலும் உறுத்தல் இல்லாமல் பேச முடிந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம். எண்ணிக்கையில் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நூறு அலுமினியப் பைசாவும் ஒரு புரூஃப் வெள்ளியும் சமம் ஆகாது. விற்கிற முடிவு வந்தால் வரிக் கணக்கை முதலில் ஆடிட்டரிடம் கேள். அப்பாவின் பழைய ரசீதுகள் அங்கேயும் வேலைக்கு வரும்.

ஸ்லாப் ஆனாலும் காசு காற்றையும் ஈரத்தையும் உணரும். கடற்கரை ஊர் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை, மழைக்காலத்துக்கு முன் மாற்று. சாம்பிராணிப் புகை வரும் பூஜை அறையும் பாச்சை உருண்டை போட்ட துணி அடுக்கும் வேண்டாம்.

அப்பாவின் பெட்டியில் முந்நூற்று நாற்பது காசு இருந்தது. ஒன்பதுதான் கிரேடிங்குக்குப் போனது. ஏழு எண்ணோடு வந்தது, இரண்டு டீடெயில்ஸ். அதில் ஒன்று நான் பற்பொடி போட்ட காசு. மீதியெல்லாம் மைலார் உறையில், அப்பா எழுதிய சீட்டுகளோடு என் பீரோவில் இருக்கின்றன.

தங்கச்சி, நீ மற்றக் காசுகளின் பட்டியலை எழுதி முடி. வரும் ஞாயிற்றுக்கிழமை தராசை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அதுவரைக்கும் அந்த மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்காதே.